திருவல்லிக்கேணியிலிருந்து டர்பனுக்கு

பள்ளிக்கரணையிலே நமது ஜாகை. மாடியில் ஏறி நின்றால் கழுவெளி தெரியும். குளிர்காலத்தில் எங்கெங்கோ உள்ள தேசத்துப் பறவைகளெல்லாம் அங்கே வந்து இறங்குகின்றன. ‘உன் நிறம் என்ன? அனுமதிச் சீட்டு எங்கே?’ என்று அவற்றைக் கேட்பார் இல்லை. மனிதர்களைப் பார்த்து அப்படிக் கேட்ட வெள்ளையரிடம் பதில் சொல்லப் போன ஒரு வாத்தியாரின் பள்ளிக்கூடத்தைக் காணவே நாம் ஒரு நாள் புறப்பட்டோம்.

வேளச்சேரி வரையில் பஸ். அப்புறம் பறக்கும் ரயில். திருவல்லிக்கேணியில் இறங்கிப் பெரிய தெருவுக்கு நடந்தோம். ஹென்றி இர்வின் வரைபடம் போட்டு 1897-ல் எழுந்த ஹிந்து ஹைஸ்கூலின் செங்கற் கட்டிடம் கம்பீரமாக நிற்கிறது. வலங்கைமானில் 1869-ல் பிறந்த வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் இந்தப் பள்ளிக்குத்தான் தலைமை ஆசிரியராக இருந்தார். உத்தியோகத்தைத் துறந்து, 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்தார்.

பிறகு அவர் காணாத சபையில்லை. 1921-ல் லண்டன் ஏகாதிபத்திய மகாநாடு, ஜினீவாவில் சர்வதேச சங்கம், வாஷிங்டனில் கடற்படை மகாநாடு. 1922-ல் காந்தியடிகள் சிறை புகுந்தார். அதே ஆண்டில் சாஸ்திரியார் சர்க்கார் தூதராக ஆஸ்திரேலியா, நியூஜிலாந்து, கனடா ஆகிய தேசங்களைச் சுற்றி வந்தார். தேசாபிமானிகளுக்கு இது கசந்ததில் வியப்பென்ன? நமக்கும் கசக்கத்தான் செய்கிறது.

ஆனால் தென்னாப்பிரிக்கக் கதை வேறு. 1860-ல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ‘டுரூரோ’ கப்பலில் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர் முதலானோரின் சந்ததியார், நேட்டாலில் வேண்டாத விருந்தாளிகளாக நடத்தப்பட்டனர். அவர்களைத் தனிச்சேரிகளில் ஒதுக்க ஒரு மசோதாவும் வந்தது. 1927 கேப்டவுன் உடன்படிக்கையால் அது கைவிடப்பட்டது. பணம் கொடுத்து இந்தியரைத் திருப்பி அனுப்பும் ஏற்பாடும் அதே உடன்படிக்கையில் இருந்ததை மறைப்பானேன்? அதை நிறைவேற்றிவைக்க இந்திய சர்க்காரின் முதல் ஏஜெண்டாகப் போக வேண்டுமென்று சாஸ்திரியாரை வற்புறுத்தியவர் காந்தியடிகளே!

சாஸ்திரியாரிடம் இருந்த ஆயுதம் அவருடைய ஆங்கிலம் ஒன்றுதான். கிளர்க்ஸ்டார்ப்பில் அவர் பேசிய கூட்டத்தை 1928-ல் வெள்ளையர் சிலர் குலைத்தார்கள். அவர் பேச்சை நிறுத்தினாரா? இல்லை, ஊர் ஊராகப் பேசிக்கொண்டே போனார். சர்க்கார் தர முன்வந்த ‘ஸர்’ பட்டத்தை அவ்வாண்டிலேயே வேண்டாமென்று விட்டார்.

தூதர்கள் கையெழுத்திட்ட காகிதங்கள் பல செல்லரித்துப் போகின்றன. கேப்டவுன் உடன்படிக்கையும் வெகு நாள் காக்கவில்லை. 1940-களிலேயே இந்தியருக்கு விரோதமான சட்டங்கள் மறுபடி வந்துவிட்டன. ஆயினும் வாத்தியார் வாத்தியார்தானே! டர்பனில் இந்தியப் பிள்ளைகளுக்கு ஹைஸ்கூல் ஒன்று வேண்டுமென்று அங்குள்ள நம்மவரிடமே பணம் திரட்டினார். ‘சாஸ்திரி கல்லூரி’ என்ற பெயரில் 1929-ல் அது திறக்கப்பட்டபோது, பாடம் சொல்லிக் கொடுக்க ஆசிரியர்கள் சிலர் இந்தியாவிலிருந்து கப்பலேறிப் போனார்கள்.