செல்லூரில் ஒரு படகுப் பட்டறை!

மதுரைக்காரனுக்குக் கடல் என்றால் ராமேஸ்வரம். அமாவாசைக்குப் போய் மூன்று முழுக்குப் போட்டுத் திரும்பினால் கதை முடிந்தது. எங்கள் வைகையே கடலைப் பார்க்கக் கூச்சப்பட்டு, பெரும்பாலும் ராமநாதபுரம் பெரிய கண்மாயோடு நின்றுவிடுகிற ஆறு! அப்பேர்ப்பட்ட ஊரில், வைகையின் வடகரையில், தறிச் சத்தம் கேட்கும் செல்லூர்ச் சந்துக்குள் ஒரு படகு வந்து இறங்கினால்..? தெருவே கூடிவிட்டது.

படகு என் மச்சினனுடையது. 'கயாக்' என்று பெயர். வடதுருவப் பக்கம் இனுயிட் மக்கள் சீல் தோலைப் போர்த்திச் செய்த ஒல்லிப் படகு. இப்போது பிளாஸ்டிக்கில் வார்க்கிறார்கள். இதில் நடுவே சின்னதாக ஒரு பாய்மரமும் உண்டு. மாதம் ஒருமுறை 'குட்டியானை'யில் ஏற்றி, நூறு கிலோமீட்டருக்கு மேல் போய், பாக் நீரிணையில் பாய் விரிப்பார் நம்மாள்.

வந்தது வினை. இரண்டு மணி நேரம் ஓட்டினால் வயிற்றுக்குள் அரை வாளித் தண்ணீர். எங்கிருந்து வருகிறதென்று தெரியவில்லை.

"அரை வாளிதானே மாப்ளே, மொண்டு ஊத்திரலாம்ல?" என்றேன்.

"அப்படி இல்ல மச்சான். படகு எந்தப் பக்கம் சாயுதோ, தண்ணியும் அந்தப் பக்கமே ஓடும். சாய்ஞ்சதை இன்னும் சாய்ச்சிரும். பாப்பாவையும்ல கூட்டிட்டுப் போறேன்..."

அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நம்மூர்க் கட்டுமரத்துக்கு இந்தத் தொல்லையே கிடையாது. மரங்களைச் சேர்த்துக் கட்டியது. உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே ஒழுகுவதற்கு! கயாக்குக்கு உள்ளே உண்டு. ஆகவே வைத்தியமும் உண்டு.

முதல் வைத்தியம்: இரண்டு பெஞ்சு மேல் தூக்கி வைத்து, உள்ளே நாலு குடம் தண்ணீர் ஊற்றி, வெளிப்பக்கம் துடைத்துவிட்டுக் காத்திருப்பது. போன வழியே தண்ணீர் திரும்பி வர வேண்டுமல்லவா? விடிய விடிய வைத்தும் ஒரு சொட்டுக்கூட இல்லை. அடியில் வெடிப்பு இருந்திருந்தால் பாடுதான். இந்த ரகப் பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது. குடம் ஒட்டுகிறவர் மாதிரி சூடு காட்டி உருக்கித்தான் ஒட்ட வேண்டும்.

இதையெல்லாம் பீடியோடு பார்த்துக்கொண்டிருந்தார் முக்கு சைக்கிள் கடைப் பெரியவர். வால்வில் எச்சில் தொட்டு வைத்தே கசிவு சொல்கிற ஆசாமி.

"தண்ணி போற எடத்தைத் தேடாதீங்க தம்பி. காத்து வர்ற எடத்தைத் தேடுங்க."

தண்ணீரை வடித்தோம். பின்பக்கத் துளையில் டியூபைச் சொருகி, துணி சுற்றி, கை பம்பால் மெதுவாகக் காற்று அடித்தார் (ரொம்ப அடித்தால் படகு வீங்கிவிடும்). மேலெல்லாம் சோப்பு நுரை பூசியாயிற்று. ஊஹூம்... ஒரு முட்டை கிளம்பவில்லை.

பெரியவர் யோசித்தார். "பாய் கட்டுனா காத்து இந்த மரத்தைப் பிடிச்சு இழுக்கும்ல? நிக்கிற வண்டியில சில கசிவு தெரியாது. ஆளு ஏறி உக்காந்தாத்தான் தெரியும். மரத்தை ஆட்டுங்க!"

ஆட்டினோம். மரத்தின் காலைப் பிடித்திருந்த நாலு போல்ட்டில் ஒன்றின் ஓரத்தில் பூவாக ஒரு நுரை விரிந்தது!

விஷயம் இதுதான்: காற்று பாயைத் தள்ளும்போது மேல்தளம் லேசாக நெளிகிறது, போல்ட் துளை மயிரிழை திறக்கிறது, அலை மேலே ஏறும் நேரமெல்லாம் தண்ணீர் உள்ளே போகிறது. எல்லோர் கண்ணும் அடிவயிற்றில் இருக்க, ஓட்டை உச்சியில்!

பழைய டியூபை வெட்டி வாஷர் செய்தார் பெரியவர். மூடியைத் திறந்து கையை விட்டு, இழுப்பு ஒரே இடத்தில் விழாதபடி அடியில் அகலமான அலுமினியத் தகடு கொடுத்து முடுக்கினார். மறுபடி காற்று, மறுபடி நுரை, மறுபடி ஆட்டம். கப்சிப்! கூலி என்று வாஷருக்கு மட்டும்தான் வாங்கிக்கொண்டார்.

"நீங்க கப்பலே கட்டலாம் பெரியப்பா" என்றான் மச்சினன்.

பெரியவர் கடைச் சுவரைக் காட்டினார். முழங்கால் உயரத்தில் பழுப்பாக ஒரு கோடு. 2024 அக்டோபர் மழையில் செல்லூருக்குள் தண்ணீர் புகுந்தபோது விழுந்தது. கண்மாய் நிறைந்தால் உபரி நீர் பந்தல்குடி வாய்க்கால் வழியே வைகைக்குப் போக வேண்டும். அன்றைக்கு அது தெருவழியே வந்தது.

"வெயில் காலத்துல பாத்தா எல்லாம் சரியாத்தான் தம்பி இருக்கு..." என்றார். "இதுக்கு எங்க வாஷர் போடுறது?"