'உண்ணாமலை'ன்னா சாப்பிடாமலேன்னு அர்த்தமா? கீழ்பென்னாத்தூர் ஆயாக்களின் பெயர்க் கதை!

திருவண்ணாமலையில் செஞ்சி, திண்டிவனம் பஸ் ஏறினால் வழியில் வருகிறது கீழ்பென்னாத்தூர். நெல்லும் மல்லாட்டையும் விளைகிற தாலுகா. சுற்றுவட்டாரக் கிராமங்களில் ஆண்களில் அண்ணாமலை, அருணாசலத்துக்குப் பஞ்சமே கிடையாது. அவர்களுக்கு ஜோடியாக ஒரு பெண் பெயரும் இங்கே உண்டு: உண்ணாமலை.

இன்றைக்கு அந்தப் பெயரில் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பது பெரும்பாலும் ஆயாக்கள்தான். "உண்ணாமலையா? அப்போ சாப்பிடவே மாட்டீங்களா?" என்று பேரப்பிள்ளைகள் கிண்டல் செய்யத் தோதான பெயர். ஆனால், இதில் பட்டினியும் இல்லை, மலையும் இல்லை.

உண்மையில் அது 'உண்ணாமுலை'. அண்ணாமலையார் கோயிலில் தனி சந்நிதியில் இருக்கும் அம்மனின் பெயர். பிள்ளைகள் பால் குடிக்காத மார்பை உடையவள் என்று பொருள். பிள்ளையார், அம்மை பூசிய மஞ்சளில் உருவானவர். முருகனுக்குப் பாலூட்டியது கார்த்திகைப் பெண்கள். ஊருக்கெல்லாம் தாயானவள், தன் பிள்ளைக்கு மட்டும் பாலூட்டவில்லை. யோசித்தால் கொஞ்சம் வலிக்கிற பெயர்தான்!

7-ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய ஓர் அண்ணாமலைப் பதிகம் இந்தப் பெயரோடுதான் தொடங்குகிறது. சீர்காழியில் அம்பிகையிடம் ஞானப்பால் குடித்த அதே சம்பந்தர்! அதுவும் பொற்கிண்ணத்தில் கறந்து கொடுத்த பால் என்கிறது பெரியபுராணம். பெயருக்குப் பங்கம் வரவில்லை.

பதிகத்தில் கூச்சமில்லாமல் நின்ற சொல், பள்ளிக்கூட ரிஜிஸ்டரில் கூசியது போலிருக்கிறது. பக்கத்தில் அண்ணாமலை வேறு இருக்க, வாய்க்கு வாகாக 'உண்ணாமலை' ஆகிவிட்டது. செட்டிநாட்டிலும் உண்ணாமலை ஆச்சிகள் உண்டு. கன்னியாகுமரி மாவட்டத்தில் உண்ணாமலைக்கடை என்றொரு பேரூராட்சியே இருக்கிறது.

அம்மனின் சம்ஸ்கிருதப் பெயர் அபீதகுசாம்பாள். அதைச் சுருக்கினால் அபிதா. லா.ச.ராமாமிர்தத்தின் நாவலுக்கும், 1999-ல் வந்த 'சேது' படத்தின் நாயகிக்கும் இதுதான் பெயர். கேட்க அழகுதான். ஆனால், 'அபீத' என்றால் 'குடிக்கப்படாத' என்று மட்டும்தான் அர்த்தம். எது குடிக்கப்படவில்லை என்பதையும், 'அம்பாள்' என்கிற அம்மாவையும் வெட்டிவிட்டு மிச்சத்தைப் பிள்ளைக்கு வைத்திருக்கிறோம்!

இந்தச் சுருக்கல் நம்மூர் விஷயம் மட்டுமில்லை. ஸ்பெயினில் மாதாவின் பட்டங்களைப் பெண்களுக்குச் சூட்டுவது பழைய வழக்கம். 'டோலோரஸ்' என்றால் துயரங்கள். நம்மூர் வியாகுலமேரியின் ஸ்பானிஷ் அக்கா. வீட்டில் கூப்பிடும்போது அது 'லோலா' ஆகிவிடும், துயரம் போன இடம் தெரியாது. 'பிலார்' என்றால் தூண். சரகோசா நகரில் மாதா ஒரு தூணின் மேல் காட்சி கொடுத்தார் என்பது நம்பிக்கை. அக்டோபர் 12-ல் அங்கே பெரிய திருவிழா. சிவன் நெருப்புத் தூணாக நின்றதாகச் சொல்லும் ஊர்க்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். அங்கேயும் பிலார் இப்போது பாட்டிகள், அத்தைகள் தலைமுறைப் பெயராகிவிட்டது.

நம் வீடுகளில் நியூமராலஜி பார்த்து, இரண்டெழுத்தில், ஸ்டைலாகத் தேடுகிறோம். தப்பில்லை. ஆனால், பாட்டி பெயரை மாடர்னாக மாற்றும் முன் அதன் அர்த்தத்தை ஒருமுறை பாட்டியிடமே கேட்டுவிடலாம். உண்ணாமலை ஆயாக்கள் சளைக்காமல் கதை சொல்வார்கள்.

அம்மனைப் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு சமயங்கள் விசேஷம். ஒன்று ஆடிப்பூரம். பிள்ளைக்குப் பாலூட்டாதவள் என்று பெயர் வாங்கிய அம்மனுக்கு அன்று ஊரே கூடி வளைகாப்பு நடத்தும். இன்னொன்று கார்த்திகை தீபத் திருவிழாவின் 7-ஆம் நாள் தேரோட்டம். அன்று அம்மன் தேரின் வடத்தை ஆண்கள் தொடுவதில்லை. சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து வரும் பெண்கள்தான் மாடவீதி முழுக்க இழுத்துப் போகிறார்கள்.