அரை மணி நேரச் சூடும் ஆறு மாதக் கிடங்கும்

கடையில் வரிசையாக நிற்கும் தேன் பாட்டில்களில் இன்று விலையைவிடப் பெரிய எழுத்தில் தெரிவது ‘சூடாக்காதது’ என்ற சொல்தான். அதைப் பார்த்ததும் வாங்குகிறவருக்கு நிம்மதி. ஆலையில் பதப்படுத்தியது என்றால் முகம் சுளிக்கிறார். சூடு என்பதே குற்றம், ஆலைதான் குற்றம் நடக்கும் இடம் என்று ஆகிவிட்டது. தேனை டன் கணக்கில் வாங்கி, வடித்து, ஈரத்தைக் குறைத்து, பாட்டிலில் அடைக்கும் தொழிலில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு மாதிரித் தெரியும். தேனைக் கெடுப்பவை மூன்று: மிகுந்த நீர், சூடு, காலம். மூன்றும் கூட்டாளிகள். அவற்றில் சூட்டை மட்டும் தனியே பிடித்துத் தண்டிப்பதால்தான், அரை மணி நேரம் 60 டிகிரியில் இருந்த தேனைச் செத்த தேன் என்றும், ஆறு மாதம் தகரக் கூரையின் கீழ் வெந்த தேனைப் பச்சைத் தேன் என்றும் நம்ப முடிகிறது. நல்ல ஆலையை அளக்க வேண்டியது அது சூடேற்றுகிறதா என்பதை வைத்து அல்ல. எவ்வளவு நேரம், அதற்கு முன்னும் பின்னும் தேன் எங்கே கிடந்தது என்பதை வைத்துத்தான்.

ஆலை எதற்கு என்ற கேள்விக்குக் குமரி மாவட்டத்து மார்த்தாண்டத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. 1920களில் ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமப் புனரமைப்புப் பணிக்கு வந்த ஸ்பென்சர் ஹாட்ச் காலத்தில் பெட்டித் தேனீ வளர்ப்பு அங்கே வேர் பிடித்தது; 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அந்தத் தேனில் பெரும்பங்கு பூவிலிருந்து வருவதில்லை. ரப்பர் மரம் ஆண்டுக் கடைசியில் இலையை உதிர்த்துவிட்டு, ஜனவரி வாக்கில் தளிர் விடும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு கூடும் இடத்தில் உள்ள சிறு சுரப்பிகளில் இனிப்பு நீர் கசியும். அதைத்தான் தேனீக்கள் உறிஞ்சி வருகின்றன. வரத்து குறுகிய காலத்துக்குத்தான், ஆனால் வெள்ளம்போல் வரும். கூட்டுக்குள் சிறகால் விசிறி நீரை ஆவியாக்கி, 20 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகு மெழுகால் மூடுவது தேனீயின் வழக்கம். வரத்து வேகமாக இருக்கும்போது அடை மூடும்வரை காத்திருந்தால் தேனீக்களுக்கு அடுத்த சொட்டை வைக்க இடம் இருக்காது; வளர்ப்பவருக்கும் பருவம் கைநழுவும். ஆகவே பாதி மூடிய அடையையே சுழற்றித் தேன் எடுக்கிறார்கள். மழையும் கடற்காற்றும் ஈரப்பதத்தை இன்னும் கூட்டும். தேனீ முடிக்காமல் விட்ட வேலையின் மிச்சம்தான் ஆலைக்கு வந்து சேர்கிறது.

அந்த மிச்சம் எவ்வளவு என்பதை ஒரே சொட்டில் பார்த்துவிடலாம். ரிஃப்ராக்டோமீட்டர் என்ற கைக்கருவியின் கண்ணாடியில் ஒரு சொட்டுத் தேனை வைத்து மூடி, வெளிச்சத்துக்கு நேரே கண்ணில் வைத்தால் உள்ளே நீலமும் வெள்ளையும் பிரியும் ஒரு கோடு தெரியும். கோடு நிற்கும் எண்தான் அந்த ட்ரம்மின் ஜாதகம். ட்ரம்மைக் கலக்காமல் மேலாக எடுத்த சொட்டையும் அடியிலிருந்து எடுத்த சொட்டையும் வைத்துப் பார்த்தால் இரண்டு எண் வரும். நீர்த்த தேன் எடை குறைந்தது, மேலேயே தங்கும். இந்திய உணவுப் பாதுகாப்பு விதியும் பன்னாட்டுக் கோடெக்ஸ் தரமும் தேனில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கின்றன. சர்க்கரை அடர்த்தியிலும் உயிர் வாழப் பழகிய ஈஸ்ட் தேனில் இயல்பாகவே உண்டு. ஈரம் 17 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் அவை எத்தனை இருந்தாலும் பெருகாது. 20ஐத் தாண்டினால் விரல்விட்டு எண்ணும் அளவு இருந்தாலே போதும், தேன் புளித்து நுரைத்து மூடியைத் தள்ளும். அப்படிப் புளித்த தேனும் சூடாக்காத தேன்தான். ஆனால் அதை யாரும் சாப்பிட முடியாது.

இனி அந்தச் சூட்டுக்கு வருவோம். ட்ரம்மில் வந்த தேனை 40, 45 டிகிரிக்கு இளக்கி, மெழுகும் தேனீ இறகும் போகும்படி வடிகட்டுகிறோம். பிறகு 60 டிகிரியை ஒட்டிச் சூடேற்றுகிறோம். ஈஸ்டை அடக்க 60 டிகிரியில் சுமார் 22 நிமிடம் வேண்டும். 63 டிகிரியில் எட்டு நிமிடத்துக்குள் முடியும். 71 டிகிரியில் அரை நிமிடம்கூட வேண்டாம். அதே 60 டிகிரிச் சூட்டில் காற்றழுத்தத்தைக் குறைத்த கலத்தில் தேனை மெல்லிய படலமாக ஓடவிட்டால், மேற்கொண்டு சூடேற்றாமலேயே நீர் பிரிந்துபோகும். இதில் தேன் எவ்வளவு இழக்கிறது? அமெரிக்க வேளாண் துறையில் தேன் வேதியியலை ஆராய்ந்த ஜொனாதன் ஒயிட்டின் அளவீடுகள் இன்றும் இத்தொழிலின் அடிப்படை. தேனிலுள்ள டயஸ்டேஸ் நொதி பாதியாகக் குறைய 60 டிகிரியில் ஒரு நாளுக்குச் சற்றுக் கூடுதலாகும். 40 டிகிரியில் ஒரு மாதம். 30 டிகிரியில் 200 நாள். அதாவது 60 டிகிரியில் அரை மணி நேரம் வைப்பதில் போவது நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ. கோடையில் தகரக் கூரைக் கிடங்கில் ஒரு மாதம் போட்டு வைத்தால் போவது பாதி. இன்வர்டேஸ் நொதி இன்னும் மென்மையானது: 60 டிகிரியில் ஐந்து மணி நேரத்துக்குள் பாதியாகும், 40 டிகிரியில் பத்து நாள் போதும். அடுப்பே பார்க்காத தேனும் மே மாதக் கிடங்கில் இதையெல்லாம் இழந்துவிடும்.

இந்தக் கணக்கு ஆலைக்காரர்களுக்கும் சாதகமானதல்ல. நம் தொழிலில் பலர் தவறுவது சூடேற்றுவதில் இல்லை, ஆற்றுவதில். தேன் வெப்பத்தை மெதுவாகக் கடத்தும் பொருள். 60 டிகிரித் தேனை அப்படியே 300 கிலோ ட்ரம்மில் ஊற்றி மூடி ஓரமாக வைத்தால், வெளித்தகடு கைக்குக் குளிர்ந்த பிறகும் நடுவில் சூடு குறையாமல் மணிக்கணக்கில் கிடக்கும். அரை மணி நேரம் என்று ஏட்டில் எழுதியது ட்ரம்முக்குள் ஒரு பகலும் இரவுமாக நீளும். ட்ரம்மை நேரடித் தீயில் வைத்து இளக்குகிறவர்கள் செய்வது இதைவிட மோசம். நடுவில் கட்டி கரைவதற்குள் ஓரத்தில் தேன் கருகி, பாகு வாசனை வந்துவிடும். வெந்நீர் சூழ்ந்த குழாயில் தேனை ஓட்டிச் சட்டென்று சூடேற்றி, அதே வேகத்தில் குளிர்நீர் சூழ்ந்த குழாயில் ஓட்டி ஆற்றுவதுதான் முறை. சூடேற்றும் இயந்திரத்தை வாங்கிவிட்டு ஆற்றும் பகுதியில் காசு மிச்சம் பிடித்த ஆலையின் தேனைத்தான் வாங்குகிறவர் சந்தேகிக்க வேண்டும். அந்தச் சந்தேகத்துக்கு அளவுகோலும் உண்டு. தேன் வெந்தாலோ பழசானாலோ ஹெச்.எம்.எஃப். என்ற சேர்மம் கூடும். கோடெக்ஸ் அதற்குக் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்றும், வெப்ப நாட்டுத் தேனுக்கு 80 என்றும் எல்லை வைத்திருக்கிறது. அந்த எண்ணுக்கு ஆலைச் சூடும் கிடங்குச் சூடும் ஒன்றுதான்.

தேனைச் சுடவைத்தால் நஞ்சு என்று நம் வைத்தியம் சொல்கிறதே என்பார்கள். அந்த எச்சரிக்கையை நான் இலேசாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெச்.எம்.எஃப்.பைக் காட்டி அதை நிறுவ முயல்பவர்கள், வறுத்த காப்பிக்கொட்டையில் அது தேனுக்கு வைத்த எல்லையைவிடப் பல மடங்கு இருப்பதையும் பார்க்க வேண்டும். முன்னோர் சொல்லை மதித்துச் சூடே கூடாது என்பவர், வெயிலில் நிற்கும் லாரியையும் கடைக் கண்ணாடியில் விழும் பிற்பகல் வெயிலையும் சேர்த்தே கணக்கில் எடுக்கட்டும். ஆலையின் மறுபக்கத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்றழுத்தம் குறைந்த கலத்தில் நீரோடு சேர்ந்து மணமும் கொஞ்சம் போகிறது. போன மணத்தை எந்த இயந்திரமும் திருப்பித் தராது. 60 டிகிரியில் தேன் கிருமியற்றதாகிவிடுவதும் இல்லை. பொட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் அந்தச் சூட்டைச் சுலபமாகத் தாங்கும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குப் பச்சைத் தேனும் ஆகாது, பதப்படுத்திய தேனும் ஆகாது. சேனை வைக்கும் வழக்கமுள்ள வீடுகள் இதை அறிந்திருக்க வேண்டும்.

தேன் தேவைக்கு மேல் சூடாவதற்கு வாங்குகிறவரும் ஒரு காரணம். பாட்டிலின் அடியில் தேன் உறைந்தால் சர்க்கரை கலந்திருக்கிறது என்று கடைக்காரரிடம் திருப்பிக் கொடுக்கிறார்கள். குளுக்கோஸ் மிகுந்த தேன் படிகமாவது அதன் இயல்பு. 14 டிகிரியை ஒட்டிய குளிரில் அது வேகமாக நடக்கும். திருப்பி வந்த பாட்டில் நஷ்டம் என்பதால், அடுத்த முறை ஆலை இன்னும் சூடாக்கி, இன்னும் நுண்ணிய வலையில் வடித்து, படிகம் பிடிக்க மகரந்தத் தூள்கூட இல்லாமல் செய்யப் பார்க்கும். மகரந்தம் போனால் தேன் எந்த ஊர்ச் செடியிலிருந்து வந்தது என்ற சாட்சியும் போய்விடும். நாய் நக்காது, காகிதத்தில் ஊறாது, தண்ணீரில் கரையாமல் அடியில் போய் நிற்கும் என்ற சோதனைகளும் இப்படித்தான் ஏமாற்றுபவை. கெட்டியான சர்க்கரைப் பாகும் அதே மாதிரி நேரே அடிக்குத்தான் போகும்.

கலப்படத்தை மறைக்கத்தானே இத்தனை பதப்படுத்தல் என்பது இன்னும் கடுமையான கேள்வி. கேட்கக் காரணம் இருக்கிறது. 2020 டிசம்பரில் டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் வெளியிட்ட ஆய்வில், சோதித்த 22 மாதிரிகளில் எல்லாச் சோதனையிலும் தேறியவை ஐந்துதான். வழக்கமான சோதனைகளுக்குத் தப்பும்படி தயாரித்த பாகு சந்தையில் இருக்கிறது என்பதை அது காட்டியது. ஆனால் பாகைத் தேனாக்குவது வெந்நீர்க் குழாயும் வடிகட்டியும் அல்ல, கொள்முதல். எந்தப் பெட்டிக்காரரிடம் எந்தத் தேதியில் எந்த ட்ரம் வந்தது என்று ஏட்டில் எழுதி, பாட்டில் எண்ணோடு பொருத்தி வைக்கிற ஆலையில் பாகு நுழைவது கஷ்டம். முகமறியாத தரகரிடம் குறைந்த விலைக்கு வாங்குகிற ஆலை, தேனைச் சூடே காட்டாமல் விற்றாலும் அதில் பாகு இருக்கலாம்.

கொள்முதல் என்றதும் காசு வருகிறது. 23 சதவீத ஈரத்தோடு 1,000 கிலோ வாங்கி 19க்கு இறக்கினால் கையில் நிற்பது சுமார் 951 கிலோ. 20 சதவீதத்தில் வாங்கியிருந்தால் சுமார் 988 கிலோ நிற்கும். 37 கிலோ வித்தியாசம், கூடவே எரிபொருளும் மணமும். எல்லாத் தேனுக்கும் ஒரே கிலோ விலை என்று வைக்கிற ஆலை, அடை மூடும்வரை காத்திருந்த பெட்டிக்காரரைத் தண்டித்து, அவசரமாக எடுத்தவருக்குத் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறது. காத்திருந்தால் வரத்து போய்விடுமே என்பது அவர்கள் பக்கத்து நியாயம். பெட்டியின் மேலே இன்னொரு தேன் அறை வைத்தால் இடம் கிடைக்கும். அதற்கான செலவை ஈரத்துக்கேற்ற விலையில் ஆலைதான் திருப்பித் தர வேண்டும். தேனீ இறக்கும் ஒவ்வொரு சதவீதமும் நம் கொதிகலனுக்கு ஓய்வு.

வாங்குகிறவர் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். ‘சூடாக்காதது’ என்ற சொல்லைத் தேடுவதை விட்டுவிட்டு, எப்போது எடுத்த தேன், எந்த ஊர்த் தேன், ஈரம் எத்தனை சதவீதம் என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவரிடம் வாங்காதீர்கள். வெயில் விழும் கண்ணாடியோரத்துப் பாட்டிலை எடுக்காமல் உள்ளே நிழலில் இருப்பதைக் கேட்டு வாங்குங்கள். வீட்டில் உறைந்தால் கை பொறுக்கும் வெந்நீரில் பாட்டிலை நிறுத்தி வையுங்கள், இளகிவிடும். அடுப்பில் மட்டும் வைக்க வேண்டாம்.