கட்டுவதற்கு ஒரு துறை

மத்தியதரைக் கடலைத் தேசப்படத்திற் பார்க்கும்போது, அங்கே ஒரு படகு ஒதுங்க இடமில்லாமற் போகும் என்று எவரும் எண்ணார். சுற்றிவர நிலம், கரை நெடுகிலும் பண்டைக்காலந்தொட்டுப் பெயர்பெற்ற பட்டினங்கள். ஆயினும் ஓகஸ்ட் மாதத்து மாலைப்பொழுதொன்றில், 30 மீற்றர் நீளமான மோட்டார் உல்லாசப் படகைச் செலுத்திக்கொண்டு அக்கரையோரமாகச் செல்லும் கப்டனை வாட்டும் கவலை, அன்றிரவு படகை எங்கே கட்டுவது என்பதே. இத்தகைய படகை வாங்குவதற்குப் பெருஞ்செல்வம் வேண்டும். அத்தகைய செல்வம் படைத்தவனையும் பார்த்து, "இடமில்லை" என்று கரை கையை விரித்துவிடுகிறது. இந்த விந்தையைச் சற்றே பார்ப்போம்.

மாணவர்கள் தேசப்படப் புத்தகத்தை விரித்து, மேற்கே ஜிப்ரால்ற்றரில் ஒரு விரலையும் கிழக்கே மொனாக்கோவில் மற்றொரு விரலையும் வைத்துக்கொள்ளட்டும். நாம் செல்லப்போகும் பாதை அதுவே. அத்திலாந்திக் சமுத்திரத்திலிருந்து வரும் படகுகள் பல ஜிப்ரால்ற்றரிலே தங்கி, வரியில்லாத டீசல் எண்ணெயை நிரப்பிக்கொள்கின்றன. மழையும் ஆறுகளும் மத்தியதரைக் கடலுக்குத் தரும் நீரைக் காட்டிலும் வெயிலில் ஆவியாகிப்போகும் நீர் அதிகம். அக்குறையை நிரப்ப, அத்திலாந்திக் நீர் ஜிப்ரால்ற்றர் நீரிணையின் மேற்பரப்பு வழியாக இடைவிடாது உள்ளே பாய்கிறது. எனவே கிழக்கு நோக்கி வரும் படகைக் கடலே கைப்பிடித்து உள்ளே அழைத்துச் செல்கிறது எனலாம். அந்த உபசாரம் வாசலோடு சரி.

மணிக்கு 12 கடல்மைல் வேகத்திற் செல்லும் படகு, பகற்பொழுதில் பத்து மணிநேரம் ஓடினால் 120 கடல்மைலைக் கடக்கும். கடல்மைல் ஒன்று 1852 மீற்றர். அத்தொலைவுக்குள் தகுந்த துறையொன்று கிடைத்தாக வேண்டும். இல்லையேல் இரவோடிரவாக ஓடவேண்டியதுதான். சிறுதுறைகள் இடையிடையே பல உள்ளன. ஆனால் அவை மீனவர்கள் தங்கள் வள்ளங்களுக்கென்று தேடிக்கொண்டவை. அங்கே 30 மீற்றர்ப் படகு நுழைவது, கோயில் வீதியில் ரெயில் வண்டியைத் திருப்ப முயல்வது போன்றது.

துறை அலுவலகத்துக்கு இடம் கேட்டு எழுதும்போது உரிமையாளரின் பெருமையை எவரும் விசாரிப்பதில்லை. படகின் நீளம் என்ன, அகலம் என்ன, நீருக்குள் எவ்வளவு அமிழ்ந்திருக்கிறது என்பவையே முதலில் வேண்டும். பிறகு காப்புறுதிப் பத்திரம், பணியாளர் பட்டியல், வரும் நேரம். அடுத்து மின்சாரத்தின் கதை. நம் வீடுகளுக்குச் சாதாரணமாக வரும் இணைப்பு 30 அம்பியர். பெரிய படகோ கரையிலிருந்து மும்முனை மின்சாரமாக 63 அம்பியரோ 125 அம்பியரோ கேட்கிறது. குளிரூட்டிகளும் சமையற்கட்டும் சலவைப் பொறிகளும் அவ்வளவையும் உறிஞ்சிக்கொள்கின்றன. அமெரிக்காவிற் கட்டிய படகாயின் மற்றுமொரு சங்கடம் உண்டு. அந்நாட்டு மின்சாரம் செக்கனுக்கு 60 சுழற்சிகள் கொண்டது. ஐரோப்பாவில், நம் நாட்டிற் போலவே, 50. இடையிலே மாற்றுப்பொறி ஒன்று இருந்தாக வேண்டும்.

இனி, கட்டும் முறையைப் பார்ப்போம். பிரான்சின் வடகரையிலுள்ள சென் மாலோவில் வற்றுப்பெருக்கு 12 மீற்றருக்கும் மேற்படுவதுண்டு. அத்தகைய இடங்களில் நீரோடு ஏறியிறங்கும் மிதவை மேடைகள் வேண்டும்; அல்லது கதவு வைத்து நீரைத் தேக்கவேண்டும். மத்தியதரைக் கடலிலோ வற்றுப்பெருக்கு, நம் யாழ்ப்பாணக் கரையிற் போல, சொற்பமே. ஆகவே அசையாத கல்மேடையிலேயே படகைக் கட்டலாம். மேடை குறைவு, படகு மிகுதி என்பதால், படகைப் பக்கவாட்டிற் கட்டவிடாமல், பின்புறத்தை மேடைக்குக் காட்டி நிறுத்துகிறார்கள். கப்டன் தூரத்தே நங்கூரத்தை இறக்கிவிட்டு, சங்கிலியை விட்டுக்கொண்டே பின்னோக்கி வருவார். சில துறைகளில், கடலடியிற் பிணைத்த கயிறொன்று மேடையிலே காத்திருக்கும். அதை எடுத்து அணியத்திற் கட்டிக்கொண்டால் போதும். இருபுறமும் பிறருடைய பளபளக்கும் படகுகள். இடையில் ஒரு முழம் இரண்டு முழம் இடைவெளி. குறுக்கே காற்று எழுந்தால் கரையில் நிற்பவர்களுக்கு நல்ல வேடிக்கை! அயலவருடைய சங்கிலிமேல் நம் சங்கிலி விழுந்துவிட்டதா என்பது மறுநாட் புறப்படும்போதுதான் பெரும்பாலும் தெரியவரும்.

ஜிப்ரால்ற்றரை விட்டால், நம்பத்தகுந்த பெருந்துறை கார்த்தஹேனா. கி.மு. மூன்றாம் நூற்றாண்டிலே கார்த்தேஜ் நாட்டவர் இந்நகரை நிறுவியபோது கண்ட அதே இயற்கைக் குடாவும் குன்றுகளும் இன்றும் காற்றைத் தடுத்து நிற்கின்றன. அதற்கப்பால் வலென்சியா, 2007ஆம் ஆண்டு அமெரிக்கக் கிண்ணப் பாய்க்கப்பற் பந்தயத்துக்காகத் துறைமுகத்தின் ஒரு பகுதியைப் புதுக்கிய நகரம். பார்சலோனாவின் பழைய துறையும், 1992ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவையொட்டி நகரத்தின் கடல்முகம் மாறியபோது உருமாறியது. இவற்றிலெல்லாம் பெரிய படகுகளுக்கு இடமுண்டு, முன்கூட்டியே எழுதியவர்களுக்கு.

பார்சலோனாவை விட்டு லயன்ஸ் குடாவைக் கடப்பதுதான் பாதையின் கடினமான பகுதி. ரோன் நதிப் பள்ளத்தாக்கின் வழியே மிஸ்ட்ரால் என்னும் வடகாற்று, வானம் தெளிந்திருக்கும்போதே சீறிக்கொண்டு இறங்கும். அக்காற்றைக் கண்டதும் கடலில் உள்ளவர் எல்லாரும் ஒரே வேளையிற் கரையை நாடுவர். பிரான்சிலும் ஸ்பெயினிலும் படகுத்துறைகள் பல றேடியோவின் 9ஆம் இலக்கத் தடத்திற் செவிசாய்க்கின்றன. கோடைகாலத்தில் அங்கிருந்து வரும் மறுமொழி பலமுறை ஒரே சொல்தான்: "நிறைந்துவிட்டது."

துறை இல்லையென்றால் நங்கூரம் போட்டு நிற்கலாமே என்று கேட்கலாம். முன்னர் அப்படித்தான் செய்தார்கள். ஆனால் அக்கரையோரத்துக் கடலடியிலே பொசிடோனியா என்னும் கடற்புல் மண்டி வளர்கிறது. நம் தீவகத்தார் சாதாளை என்று அள்ளிவந்து தோட்டத்துக்கு எருவாக இடுவதை ஒத்தது அது. பாசியன்று, வேரும் இலையும் பூவும் காயுமுள்ள உண்மையான தாவரம். மீன்குஞ்சுகளுக்குத் தொட்டில் அதுவே. கரியமில வாயுவின் கரியை மண்ணிலே புதைத்து வைப்பதும் அதுவே. படர்வதோ ஆண்டுக்குச் சில சென்றிமீற்றர் மாத்திரமே. பெரிய நங்கூரமும் சங்கிலியும் ஒருமுறை உழுதுவிட்டால் அந்த வடு ஒரு தலைமுறையில் ஆறுவதும் அரிது. ஆதலால் பிரெஞ்சு அரசாங்கம் 2019ஆம் ஆண்டு விதியொன்றை வகுத்து, 2020 முதல் 24 மீற்றரும் அதற்கு மேலும் நீளமுள்ள படகுகள் அப்புல்வெளிகளில் நங்கூரமிடுவதைப் பகுதி பகுதியாகத் தடைசெய்தது. படகுக்காரர் முணுமுணுக்கின்றனர். என் மனமோ புல்லின் பக்கமே சாய்கிறது.

24 மீற்றர் என்றதும் நம்மவர் கப்பலொன்று நினைவுக்கு வருகிறது. வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்டு, 1938ஆம் ஆண்டில் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்த அன்னபூரணி, ஏறக்குறைய 90 அடி, அதாவது 27 மீற்றர் நீளமானது. இன்றைய அளவுகோலின்படி அன்னபூரணியும் பெரிய படகே. பிரெஞ்சுப் புல்வெளியில் நங்கூரமிட அவளுக்கும் அனுமதி கிடையாது!

குடாவைக் கடந்து, மார்செயையும் தூலோனையும் தாண்டினால் அந்தீப் வரும். பதினான்காம் லூயி மன்னனின் கோட்டைச் சிற்பி வோபானின் பெயரைத் தாங்கிய துறை இது. 100 மீற்றருக்கு மேற்பட்ட படகுகளும் கட்டக்கூடிய மேடையொன்று இங்குண்டு. ஊரார் அதற்குக் கோடீசுவரர் மேடை என்று பெயரிட்டிருக்கிறார்கள். அண்டையிலே கான் நகரம். மே மாதத்தில் அங்கு நடக்கும் திரைப்பட விழாவும், அதனையடுத்து வரும் மொனாக்கோ கார்ப்பந்தயமும் இக்கரையின் இடநெருக்கடியை உச்சத்துக்குக் கொண்டுபோகின்றன.

மொனாக்கோவின் எர்க்கியூல் துறை மலையடிவாரத்திலே கிழக்கு நோக்கித் திறந்திருப்பது. அலையைத் தடுக்கச் சுவர் கட்டலாமென்றால், கரையை விட்டுச் சிறிது தூரத்திலேயே கடல் ஐம்பது மீற்றருக்கு மேல் ஆழமாகிவிடுகிறது. எனவே பொறியியலாளர் மிதக்கும் சுவரொன்றைச் செய்தனர். நீளம் 352 மீற்றர். நிறை 163,000 தொன். அதைக் கட்டிய இடம், நாம் புறப்பட்ட ஜிப்ரால்ற்றருக்கு நேரெதிரே, அதே குடாவின் மறுகரையிலுள்ள அல்ஜெசிராஸ். 2002ஆம் ஆண்டிலே இழுவைக் கப்பல்கள் அச்சுவரை நம் பாதையாலேயே இழுத்து வந்தன. ஒரு முனை, நம் இடுப்பெலும்பு மூட்டைப் போன்ற இரும்புருண்டை மூட்டினாற் கரையோடு பிணைக்கப்பட்டிருக்கிறது. மறுமுனையைச் சங்கிலிகள் கடலடியோடு பிடித்திருக்கின்றன. சுவரின் வயிற்றுக்குள்ளே மோட்டார் வண்டிகள் நிறுத்தும் தளங்களும் உண்டு. பந்தய வாரத்தில் அச்சுவரின் மறைவிலுள்ள மேடைகளெல்லாம் நிறைந்துவிடும். இடம் பிடிக்காதவர்கள் வெளியே ஆழ்நீரில் மிதந்தபடி, மலைச்சரிவின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.