மூடியைக் கழற்றினீர்களா?



இந்த வாரம் ஒரு பழைய கேமராவைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அது லைக்கா எம்3. ஜெர்மனியின் வெட்ஸ்லார் நகரில் உருவாகி, 1954-ஆம் ஆண்டில் வெளிவந்த ரேஞ்ச்ஃபைண்டர் வகை. நண்பர் ஒருவர், மறைந்த தம் தந்தையின் பெட்டியில் கிடந்த அதை, 50 மி.மீ. லென்ஸ் ஒன்றுடன் எனக்குத் தந்தார். பல ஆண்டுகள் அந்த ஒரே லென்ஸுடன் மனநிறைவோடு இருந்தேன். பின்பு இன்னொன்று வேண்டும் என்ற ஆசை எழுந்தது. அந்த ஆசை கற்றுத்தந்த பாடத்தையே இன்று சொல்லப்போகிறேன்.

முதலில் இக்கேமராவின் இயல்பை அறிந்துகொள்ளுங்கள். நமக்குப் பழக்கமான பல கேமராக்களில் லென்ஸ் காண்பதையே நாமும் காண்கிறோம். இதிலோ லென்ஸுக்கு மேலே தனியாக ஒரு சிறு கண்ணாடிச் சாளரம் உண்டு. நாம் அதன் வழியாகவே பார்க்கிறோம். அதன் நடுவிலுள்ள சிறு கட்டத்தில் ஒரே முகம் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பத் திருப்ப, இரண்டும் நெருங்கி வந்து ஒன்றாகும். அவை ஒன்றாகும் கணத்தில் ஃபோகஸ் சரியாகிவிடும். அந்தக் கணத்தின் மகிழ்ச்சி, நூறு முறை கண்டாலும் குறைவதில்லை.

எந்த லென்ஸைப் பொருத்தினாலும் இச்சாளரத்தில் காட்சி பெரிதாவதுமில்லை, சிறிதாவதுமில்லை. வெளிச்சக் கோடுகளாலான சட்டம் மட்டுமே மாறும். எம்3-இல் 50 மி.மீ. சட்டம் எப்போதும் தெரியும். 90 அல்லது 135 மி.மீ. லென்ஸைப் பொருத்தினால் அதற்குரிய சிறிய சட்டமும் உள்ளே தோன்றும். சட்டத்திற்கு வெளியே நிற்பவர்களையும் நாம் பார்த்துக்கொண்டே இருப்போம். ஆகவே இங்கு ஒரு லென்ஸைத் தெரிந்தெடுப்பது என்பது, கண்முன் நிற்பவற்றுள் எவற்றை விட்டுவிடுவது என்று முடிவு செய்வதாகும்.

அதை எப்படித் தெரிந்தெடுப்பது என்று கேட்பீர்கள். எஃப் 1.4 போன்ற ஒளிமிகு லென்ஸ் மங்கிய அறையிலும் படம் தரும். ஆனால் அது பருமனானது, சாளரத்தின் ஒரு மூலையை மறைத்துவிடும். எஃப் 2 அல்லது 2.8 லென்ஸ் சிறியது; எடுத்துச் செல்வதும் எளிது. பழைய லென்ஸ் வாங்கினால், அதனுள் டார்ச் ஒளியைப் பாய்ச்சிப் பாருங்கள். ஈரக்காற்றில் வைக்கப்பட்ட கண்ணாடிகளில் சிலந்தி நூல்போல் பூஞ்சை படர்ந்திருக்கும். வளையம் தடங்கலின்றிச் சுழல்கிறதா என்றும் பாருங்கள்.

நான் வாங்கியது 90 மி.மீ. எஃப் 2.8 லென்ஸ். என் தகப்பனாரின் எண்பதாம் பிறந்தநாளில் அவரது முகத்தை நிறைவாகப் படமெடுக்க வேண்டும் என்பதே என் நோக்கம். அது பொறுமை கேட்கும் லென்ஸ். துளையை முழுவதும் திறந்து, ஒன்றரை மீட்டர் தொலைவில் எடுத்தால், ஏறத்தாழ ஐந்து சென்டிமீட்டர் ஆழமே தெளிவாக விழும். கண் தெளிந்தால் காது மங்கும்.

அன்று காலையில், கேமராவில் 50 மி.மீ. லென்ஸ் இருந்தபோது, அவர் உணவு மேசையில் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தார். ஒரு படம் எடுத்தேன். அதைப் பொருட்டாக எண்ணவில்லை. உறவினர் வந்து நிறைந்த பின், அவரை முற்றத்தில் அமர்த்திவிட்டு, அவசர அவசரமாக லென்ஸை மாற்றினேன். "இன்னும் எவ்வளவு நேரம்ப்பா?" என்று சிரித்தார். சாளரத்தில் அவர் முகம் இரண்டாய் நின்று ஒன்றானது. ஏழு படங்கள் எடுத்தேன்.

பிலிம் சுருளைக் கழுவிப் பார்த்தபோது அந்த ஏழும் இருக்கவேண்டிய இடம் கண்ணாடிபோல் வெறுமையாய் இருந்தது. புதிய லென்ஸின் மூடியை நான் கழற்றவே இல்லை. நாம் காண்பது ஒன்று, லென்ஸ் காண்பது வேறொன்று என்பதால், மூடி இருந்தாலும் இக்கேமராவில் காட்சி ஒளிர்ந்துகொண்டே இருக்கும். எம்3-இல் ஒளிமானியும் இல்லை, எச்சரிக்க ஏதுமில்லை. மறுபடியும் எடுத்துக்கொள்ளலாம் என்று எண்ணினேன். நான்காம் மாதம் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார்.

இன்று என் மேசையில் இருப்பது அந்த ஆரஞ்சுப் பழப் படமே. அவரது விரல்கள், மேசை விரிப்பின் கறை, ஓரத்தில் பாதியாய்த் தெரியும் அம்மாவின் கை, யாவும் அதில் உண்டு. 90 மி.மீ. சட்டத்திற்குள் இவற்றில் ஒன்றும் வந்திராது.

பிரியமானவர்களே, 90 மி.மீ. லென்ஸை நான் விற்றுவிடவில்லை. தவறு என்னுடையது, அந்தக் கண்ணாடி நல்ல கண்ணாடி. சில நாட்களில் அதையும் அன்போடு எடுத்துச் செல்கிறேன். ஆனால் எந்த லென்ஸ் என்பதை வீட்டிலேயே முடிவு செய்கிறேன். வாசலைத் தாண்டியபின் மாற்றுவதில்லை. பெரும்பாலும் 50 மி.மீ.தான். வெயிலில் எஃப் 8-இல் வைத்து, தூரத்தை மூன்று மீட்டரில் நிறுத்தினால், ஏறத்தாழ இரண்டரை முதல் நான்கு மீட்டர் வரை யாவும் தெளிவாகும். பின்பு கருவியை மறந்து, எதிரே நிற்பவரைப் பார்க்கலாம். இரண்டு மூடிகளும் இப்போது இழுப்பறையிலேயே கிடக்கின்றன.

சிந்தித்துப் பாருங்கள். இன்னும் சிறந்த ஒன்று கைக்கு வரட்டும் என்று, நீங்கள் ஒத்திவைத்திருக்கும் முகம் யாருடையது? இந்த வாரம், கையில் இருப்பதைக் கொண்டே அவரிடம் செல்லுங்கள். மூடியைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள்.