கொடிகாமம் ஸ்டேசன்

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு, கொடிகாமம் ஸ்டேசன் இருந்த இடத்தைப் பார்க்கப் போனேன். எருக்கலையும் நாயுருவியும் இடுப்பளவுக்கு நின்றன. 1990 ஜூனில் யாழ்தேவி ரயில் நின்றுபோனபின் தண்டவாளமும் சிலிப்பர்கட்டையும் பங்கர்களுக்குப் போய்விட்டன. கோச்சி ஓடிய மேட்டில் யாரோ மாடு கட்டியிருந்தார்கள். ஒருகாலம் வடமராட்சிச் சனம் பருத்தித்துறை வீதியால் வந்து கொழும்புக்கு ஏறிய இடம் அது.

நான் அங்கே ஒருநாளும் கோச்சி ஏறியதில்லை. இருக்க இடம் தேடிப் போனவன். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமத்தை விட்டு வெளிக்கிடச் சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இரவு, மழை, சைக்கிள் கரியரில் அம்மம்மா, செம்மணி வெளியில் கால் வைக்க இடமில்லை, நாவற்குழிப் பாலத்தில் சனத்தோடு சனமாய் நெரிபட்டோம், பின்னால் ஷெல் சத்தம், ஆரோ பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்துகிறார்கள், நிற்க ஏலாது.

ஸ்டேசனில் ஒரு மூலை கிடைத்தது. ஈர உடுப்பின் நெடி, பச்சை விறகின் புகை, அதற்குள் ஆரோ குழந்தைக்குக் காய்ச்சிய கஞ்சியின் வாசம். டிக்கெட் கொடுக்கும் ஜன்னலுக்குக் கீழே கோண்டாவில் அம்மா ஒருவர் இருந்தார். நெற்றியில் திருநீறு, கண்கள் மட்டும் வாசலில். பாலத்தில் மகனைத் தவறவிட்டவர். அடுப்புக் கரியால் சுவரில் அவன் பெயரை எழுதி, ‘அம்மா இஞ்சை நிக்கிறன்’ என்று கீழே எழுதினார். சாரல் அழிக்க அழிக்க, விடிந்ததும் திரும்ப எழுதுவார். அவரைப் பார்த்து மற்றவர்களும் எழுத, சுவர் முழுக்கப் பெயர்கள்.

அவன் வந்து சேர்ந்தானா என்று எனக்குத் தெரியாது. 1996 ஏப்ரலில் ஆமி தென்மராட்சிக்குள் வர, கிளாலிக்கு ஓடி, இருட்டில் வள்ளம் ஏறிவிட்டோம். 2000ஆம் ஆண்டுச் சண்டையும் அந்த மண்ணின் மேலால்தான் போனது.

பற்றைக்குள் நின்ற என்னை, ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆச்சி கேட்டார்: “என்ன தம்பி தேடுறியள்?”

“இஞ்சை ஒரு சுவர் இருந்தது, ஆச்சி.”

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “எங்கட தம்பியின்ர பேரும் அதில கிடந்தது” என்றார்.

2014 ஒக்ரோபரில் யாழ்ப்பாணம் வரை மறுபடி ரயில் ஓடத் தொடங்கியது. கொடிகாமத்திலும் நிற்கிறது. நல்ல காரியம், சனத்துக்கு வேண்டியது. ஆனால் அங்கே மழைக்கு ஒதுங்கிக் காத்திருந்தவர்களின் பெயர்களும் எங்காவது இருக்க வேண்டும். அந்த நாள்களில் அங்கே தங்கியவர் உங்கள் வீட்டில் இருந்தால், அவர் ஆரைத் தேடினார் என்று கேட்டு, அந்தப் பெயரை எழுதி வையுங்கள்.