கேட்கும் தூரம்

என் மகள் டிராம்போன் வாசிக்கிறாள் என்று எங்கள் ஊரான ஆடுதுறையில் உறவுக்காரர்களிடம் சொன்னால், வலது கையை முன்னால் நீட்டி இழுத்துக் காட்டி, "கல்யாண ஊர்வலத்துல பாண்டுக்காரங்க இப்படி இழுப்பாங்களே, அதுவா?" என்று கேட்பார்கள். அதேதான். அந்த இழுப்பில்தான் அந்த வாத்தியத்தின் உயிர் இருக்கிறது. டிரம்பெட்டில் மூன்று பொத்தான்கள் உண்டு. அழுத்தினால் காற்று கூடுதல் குழாய் வழியாகச் சுற்றிப் போய் சுரம் இறங்கும். டிராம்போனில் குழாயையே நீட்டிச் சுருக்க வேண்டும். ஏழு நிலைகள் என்று பாடம் சொல்வார்கள், ஆனால் குழாயின் மேல் எந்த நிலைக்கும் கோடு போட்டிருக்காது. வீணைக்கு மெட்டு செய்கிற உதவி இதற்கு இல்லை. காது சொல்லும் இடத்தில் கை போய் நிற்க வேண்டும். அதனால்தான் இதை வாசிக்கிற பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே காது கூர்மையாகிவிடுகிறது.

நாங்கள் இருப்பது இங்கிலாந்தின் மேற்கு யார்க்‌ஷயரில். இந்த வட்டாரத்துப் பள்ளத்தாக்குகளில் கம்பளி ஆலைகள் ஓடிய காலத்தில், ஆலைகளை ஒட்டியே பித்தளை வாத்தியக் குழுக்கள் உருவாயின. குவீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டரின் ஆலையோடு சேர்ந்து 1855ல் அமைந்த பிளாக் டைக் குழுவுக்கு இன்றும் உலகம் முழுக்க ரசிகர்கள் இருக்கிறார்கள். ஆலைகள் பெரும்பாலும் மூடிவிட்டன, குழுக்கள் மூடவில்லை. சின்ன ஊர்களில்கூட மாலை நேரத்தில் ஒத்திகை நடக்கிறது. பிள்ளைகளுக்குக் குழுவே வாத்தியத்தை இரவலாகக் கொடுத்துச் சொல்லித் தருகிறது. என் மகளும் இரவல் கருவியில் வளர்ந்தவள்தான். பதினேழு வயதில் சொந்தமாக ஒன்று வேண்டும் என்ற நிலை வந்தபோது, அவளுடைய ஆசிரியர் கடைக்குப் போகச் சொல்லவில்லை. செய்பவரிடமே போகச் சொன்னார்.

செய்பவரிடம் போவது புதுப் பழக்கம் போலத் தெரியும். உண்மையில் அதுதான் பழையது. 16ஆம் நூற்றாண்டில் ஜெர்மனியின் நியூரம்பர்க் நகரத்தில் சில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக டிராம்போன் செய்தன. எராஸ்மஸ் ஷ்னிட்சர் என்பவர் 1551ல் செய்த ஒன்று அந்த நகரத்து அருங்காட்சியகத்திலேயே இருக்கிறது. அதன் வாய் இன்றையதைவிடச் சிறியது, ஆனால் இழுகுழாய் வேலை செய்யும் விதம் அன்றும் இன்றும் ஒன்றுதான். பிறகு தொழிற்சாலைகள் வந்தன. 20ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்து எல்க்ஹார்ட் நகரம் பித்தளை வாத்தியங்களுக்குத் தலைநகரம் ஆனது. கான் நிறுவனத்தின் 88எச், பாக் நிறுவனத்தின் 42 என்ற இரண்டு மாதிரிகளும் ஆர்க்கெஸ்ட்ராக்களுக்கு அளவுகோலாகவே ஆகிவிட்டன. கான் எல்க்ஹார்ட்டை விட்டு வெளியேறிய பிறகு, அங்கே செய்த பழைய கருவிகளை வாத்தியக்காரர்கள் தேடித் தேடி வாங்கத் தொடங்கினார்கள். புதிதாக வருபவற்றில் பழைய குரல் இல்லை என்ற குறைதான் சின்னப் பட்டறைகளுக்கு வழி திறந்தது என்று நினைக்கிறேன். பிரெமனில் தைன் சகோதரர்கள் 1970களிலேயே ஆரம்பித்துவிட்டார்கள். விஸ்கான்சினில் எட்வர்ட்ஸ், மாசசூசெட்ஸில் 1995ல் ஷயர்ஸ், எங்களுக்கு அருகே ஹடர்ஸ்ஃபீல்டை ஒட்டிய ஹான்லியில் மைக்கேல் ராத் என்று ஒவ்வொருவராக வந்தார்கள்.

இவர்களுடைய முறை எளிமையானது. டிராம்போனைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டார்கள். பெல், சுருதிக் குழாய், ஸ்லைடு என்கிற இழுகுழாய், லீட்பைப், வால்வு என்று ஒவ்வொன்றையும் பல விதமாகச் செய்து வைத்து, எதையும் எதோடும் பொருத்தலாம் என்று ஆக்கினார்கள். வாசிப்பவர் மாற்றி மாற்றிப் பொருத்தி, தனக்கு ஒத்து வருவதைச் சொல்லிச் செய்யச் சொல்லலாம்.

இங்கேதான் மனம் தடுமாறும். பெல் என்கிற விரிந்த வாயை மட்டும் எடுத்துக்கொண்டால், நூற்றுக்கு எழுபது செம்பும் முப்பது துத்தநாகமும் கலந்த மஞ்சள் பித்தளையில் வாங்கலாம். செம்பு எண்பத்தைந்தாக ஏறினால் கோல்டு பிராஸ். தொண்ணூறைத் தொட்டால் நிறமே சிவந்துவிடும். ஒரே தகட்டை வெட்டி, மடித்து, நீளவாக்கில் பற்றவைத்து, அச்சின் மேல் சுத்தியலால் தட்டி எடுத்த பெல் ஒரு வகை. கழுத்தைத் தனியாகவும் வாயைத் தனியாகவும் செய்து இணைத்தது இன்னொரு வகை. தகடு எவ்வளவு மெல்லியது, தட்டிய பிறகு எவ்வளவு நேரம் சூடு காட்டினார்கள், விளிம்புக்குள் மடித்து வைத்த கம்பிக்கு ஈயப்பற்று போட்டார்களா இல்லையா என்பதுவரை பேச்சு நீளும். செம்பு கூடினால் நாதம் குழைந்து அகலும், மஞ்சள் பித்தளை பளிச்சென்று பேசும் என்பது வாத்தியக்காரர்கள் சொல்வது. ஒலியியல் படித்தவர்கள் வேறு மாதிரி சொல்கிறார்கள். நாதத்தைத் தீர்மானிப்பதில் முதலிடம் குழாயின் உள்வடிவத்துக்கு, உலோகத்தின் பங்கு மிகச் சிறியது என்பது அவர்கள் கணக்கு. எனக்கு இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. உதட்டுக்கும் கைக்கும் பட்ட அதிர்வு மாறினால் வாசிப்பவர் வாசிக்கும் விதம் மாறுகிறது. கேட்பவருக்கு அந்த மாற்றம் வந்து சேர்கிறது.

எல்லாரும் பெல்லைப் பற்றியே பேசுகிறார்கள். நான் பார்த்தவரையில் அதிகம் வேலை செய்வது லீட்பைப்தான். மவுத்பீஸ் உட்காரும் இடத்தில், ஸ்லைடுக்குள் மறைந்திருக்கும் ஒரு சாண் நீளக் குழாய் அது. வெளியே தெரியாது. அதன் ஆரம்பத்தில் ஓர் இடுக்கம் இருக்கிறது. அந்த இடுக்கம் மயிரிழை கூடினாலும் குறைந்தாலும் மூச்சு போகிற வேகமும் சுரம் பிடிக்கிற உறுதியும் மாறிவிடும். மொத்தக் கருவியின் விலையோடு பார்த்தால் அதன் விலை சொற்பம்.

இதையெல்லாம் கேட்டபோது எனக்கு எங்கள் ஊர்ப்பக்கம் ஞாபகம் வந்ததில் ஆச்சரியம் இல்லை. ஆடுதுறைக்குப் பக்கத்தில்தான் நரசிங்கம்பேட்டை. பழைய வீடுகளை இடிக்கும்போது கிடைக்கிற ஆச்சா மரத்து உத்திரங்களை வாங்கி, கடைசல் பிடித்து நாகஸ்வரம் செய்யும் ஆசாரிமார்களின் ஊர் அது. 2022ல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. பக்கத்தில் திருவாவடுதுறை, நாகஸ்வர வித்வான் ராஜரத்தினம் பிள்ளையின் ஊர். அதுவரை பெரும்பாலும் வழங்கி வந்த திமிரி நாகஸ்வரம் உச்சச் சுருதியில் பேசும். அவருக்கு வேண்டியிருந்தது நீளம் கூடிய, சுருதி தணிந்த, சுத்த மத்திமம் பிசகாமல் பேசும் குழல். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரி அப்படி ஒரு பாரி நாகஸ்வரத்தை அவருக்குச் செய்து கொடுத்தார். இன்று கச்சேரிகளில் கேட்பது அந்த வழியில் வந்த பாரிதான். கேட்கத் தெரிந்த வித்வானும் அதைக் காதில் வாங்கத் தெரிந்த ஆசாரியும் நடந்து போகும் தூரத்தில் இருந்ததால் நடந்த காரியம் அது. ஒருவர் இல்லாமல் மற்றவரால் அதைச் செய்திருக்க முடியாது.

யார்க்‌ஷயரில் நாங்கள் போன பட்டறைக்காரரும் அந்த ஜாதி. வந்ததும் விலைப் பட்டியலை நீட்டவில்லை. இரவல் கருவியையே எடுத்து வாசிக்கச் சொன்னார். கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு, மவுத்பீஸை மட்டும் மாற்றவே கூடாது, ஒரு நேரத்தில் ஒரே ஒரு பாகத்தைத்தான் மாற்ற வேண்டும் என்று இரண்டு விதிகள் போட்டார். இரண்டு பாகங்களைச் சேர்த்து மாற்றினால், வந்த மாற்றம் எதனால் என்று யாருக்கும் தெரியாது. உதடு களைத்ததும் அன்றைக்கு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னார். களைத்த உதட்டுக்கு எந்தக் கருவி சுலபமோ அதுவே நல்லதாகத் தோன்றுமாம். இதைவிட நல்ல அறிவுரையை இந்த விஷயத்தில் நான் யாரிடமும் கேட்கவில்லை.

பட்டறை அறை சின்னது. அங்கே எதை வாசித்தாலும் பெரிதாகக் கேட்டது. அதனால் இன்னொரு நாள், அவளுடைய குழு ஒத்திகை செய்யும் தேவாலயக் கூடத்துக்குப் பாகங்களைக் கொண்டு போனோம். மகள் மேடையில், நானும் பட்டறைக்காரரும் கடைசி வரிசையில் அவளுக்கு முதுகைக் காட்டி. ஆசிரியர் பாகங்களை மாற்றிக் கொடுத்தார். எது எது என்று எங்களுக்குச் சொல்லவில்லை. மொசார்ட்டின் ரெக்வியத்தில் 'டூபா மிரும்' பகுதி டிராம்போன் தனியாகத்தான் தொடங்கும், அதை வாசித்தாள். பிறகு கீழ்ஸ்தாயியில் மெதுவாக நீளும் ஒரு பயிற்சி. திரும்பத் திரும்ப அவை இரண்டும்தான்.

இடுக்கம் அகலமான லீட்பைப் அவளுக்குப் பிடித்துவிட்டது. "அப்பா, இதுல மூச்சு தானா போகுது" என்றாள். கடைசி வரிசையில் அதே கருவியின் ஒவ்வொரு சுரமும் ஓரம் கலைந்து வந்து சேர்ந்தது. அடுத்து வந்ததில் சுரத்தின் தொடக்கம் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் காதில் விழுந்தது. அதை வாசித்து முடித்ததும், "இது கொஞ்சம் எதிர்த்துத் தள்ளுது" என்று மேடையிலிருந்து குரல் கொடுத்தாள். காரணத்தைப் பட்டறைக்காரர் விளக்கினார். டிராம்போனின் கூர்மையான ஒலிகள் பெல்லின் வாய்க்கு நேராக முன்னோக்கிப் போய்விடுகின்றன. வாசிப்பவர் அந்த வாய்க்குப் பின்னால் நிற்கிறார். அவருக்கு வருவது சுவரில் பட்டுத் திரும்புவதும் தாடையெலும்பு வழியாக உள்ளே ஏறுவதும். தன் நாதத்தைச் சரியாகக் கேட்க முடியாத இடத்தில் நிற்பவர் அவர் ஒருவர்தான்.

மகள் விட்டுக்கொடுக்கவில்லை. "தினமும் வாசிக்கப்போறது நான்தானே அப்பா?" என்றாள். அவள் சொன்னதில் பொருள் இருந்தது. சிரமம் தருகிற கருவியைப் பிள்ளைகள் கையில் எடுக்கும் நேரம் குறையும். நேரம் குறைந்தால் எவ்வளவு நல்ல பெல்லும் பயன்படாது. கூடத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஓர் இடத்தைத் தேடுவதே அடுத்து வந்த வாரங்களின் வேலையாக இருந்தது. பெல்லை கோல்டு பிராஸுக்கு மாற்றியதும், இடுக்கம் நடுத்தரமான லீட்பைப் அவளுக்கு இதமாகவும் எங்களுக்குத் தெளிவாகவும் பேசியது. மறுபடி பார்க்காமல் சோதித்தபோதும் அதையேதான் கை காட்டினோம். அவளும் மேடையிலிருந்து அதையே சொன்னாள். ஆசிரியரின் முகத்தில் அன்றைக்கு இருந்த மகிழ்ச்சியைச் சொல்ல வேண்டும். அவர் முதல் நாளே அப்படித்தான் நினைத்தாராம், வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்.

வால்வு விஷயம் வேறு வழியில் முடிந்தது. கட்டைவிரலால் தட்டினால் சுருதி நான்கு சுரம் கீழே இறங்கும் அமைப்பு இது. லைப்சிக்கில் சாட்லர் 1839ல் கொண்டுவந்தது. பழைய ரோட்டரி வால்வில் காற்று திடீரென்று மடங்கிப் போகும். அமெரிக்கர் தேயர் வடிவமைத்ததில் ஏறக்குறைய நேராகப் போகும். ஜெனீவாவின் ஹாக்மன் வால்வு இரண்டுக்கும் நடுவே. தேயரின் வால்வு அவளுக்கு மிகவும் பிடித்திருந்தது, ஆனால் அது பருமன், கனமும் அதிகம். டிராம்போனின் பாரம் முழுவதையும் இடது கைதான் தாங்குகிறது. வலது கை ஸ்லைடுக்கு மட்டும். ஒத்திகை முடிந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளையைப் பார்த்தவன் என்ற முறையில் இதில் மட்டும் நான் பிடிவாதமாக இருந்தேன். ரோட்டரிதான் என்று முடிவானது.

மிச்சம் இருந்தவை எல்லாம் அழகு சார்ந்தவை. பெல்லில் பூ வேலைப்பாடு செதுக்கலாம், பொன்முலாம் பூசலாம், அரக்குப் பூசாமல் பித்தளையை அப்படியே விடலாம். பூ வேலைப்பாட்டுக்கு ஆகிற பணத்தில் இன்னொரு லீட்பைப் வாங்கிக்கொள்கிறேன் என்றாள் மகள். பட்டறைக்காரருக்கு அது பிடித்திருந்தது. பித்தளைக் குழுவில் உட்காரும்வரை இப்போதைய பொருத்தம் போதும், பல்கலைக்கழகம் போய் வயலின்கள் நடுவே ஆர்க்கெஸ்ட்ராவில் உட்காரும்போது வேறு இடுக்கம் தேவைப்படும், அப்போது இரண்டையும் எடுத்துக்கொண்டு வா என்றார். கருவி கைக்கு வரச் சில மாதங்கள் ஆகும். பல்கலைக்கழகத் தேர்வு வாசிப்புக்குள் வந்துவிடுமா என்று அவள் கேட்டதற்கு, தேர்வு எந்தக் கூடத்தில், எவ்வளவு பெரிய கூடம் என்று அவர் திருப்பிக் கேட்டுக் குறித்துக்கொண்டார்.